பிரபுக்களைக் காக்க வைத்த விதவை

1814-ஆம் ஆண்டு ஜூலை மாதம். பால்டிக் கடலோரத்திலே கோனிக்ஸ்பெர்க் என்ற துறைமுகப் பட்டணம். ஊரிலுள்ள ஒரு விடுதியில் புதிதாக வந்து தங்கியிருக்கும் ஒரு வியாபாரியின் அறை வாசலில் பெரிய மனிதர்கள் கூடி நிற்கிறார்கள். ராணுவ அதிகாரிகள், வர்த்தகர்கள், பிரபுக்களின் காரியஸ்தர்கள் எல்லோரும் அதில் உண்டு. ஒவ்வொருவருக்கும் வேண்டியது ஒன்றுதான். அந்த வியாபாரியோடு கப்பலில் வந்திருக்கும் ஷாம்பேன் மதுப் புட்டிகளில் தங்களுக்கும் ஒரு பங்கு!

வியாபாரியோ அவசரப்படவில்லை. கடை விரிக்கவில்லை, கூவி விற்கவில்லை. தாம் தங்கியிருக்கும் அறை எது என்பதை மட்டும் ஊரில் நாலு பேர் காதில் போட்டு வைத்தார். அவ்வளவுதான், வாசலில் வரிசை நின்றுவிட்டது. கேட்டவர்கள் கேட்ட அளவை அள்ளிக் கொடுத்துவிடாமல், இருப்பு எவ்வளவு என்பதையும் வெளியே விடாமல், கொஞ்சம் கொஞ்சமாகவே அவர் ஆர்டர்களை ஏற்றுக்கொண்டார்.

அந்த வியாபாரியின் பெயர் லூயி போன். அவரை அங்கே அனுப்பி வைத்தவர், பல நூறு மைல்களுக்கு அப்பால், பிரான்ஸ் தேசத்து ரைம்ஸ் நகரத்தில் கணக்குப் பேரேடுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த 36 வயது விதவை ஒருத்தி. ஊரும் பேரும் தெரியாத சிறிய மதுக் கம்பெனி ஒன்றை நடத்திக் கொண்டிருந்தவர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கம்பெனி மூழ்கிவிடும் நிலையில் இருந்தது.

அந்த அம்மையாரின் முழுப் பெயர் பார்ப் நிக்கோல் கிளிக்கோ பொன்சார்தன். உலகம் அவரை அறிந்திருப்பது ‘விதவை கிளிக்கோ’ என்ற பெயரால். பிரெஞ்சு மொழியில் ‘வவ்’ என்றால் விதவை. ‘வவ் கிளிக்கோ’ என்று இன்றும் புட்டிகளின் மேல் அச்சாகி வருகிறதே, அது இந்த அம்மையாருடைய பெயர்தான். ஒரு பெண்ணின் துர்ப்பாக்கியத்தைக் குறிக்கும் சொல்லே அவருடைய வியாபார முத்திரையாக ஆன கதை இது.

பிறந்த வீடும் புகுந்த வீடும்

பார்ப் நிக்கோல் பிறந்தது 1777-ஆம் வருஷம் டிசம்பர் 16-ஆம் தேதி. தகப்பனார் நிக்கோலா பொன்சார்தன் ரைம்ஸ் நகரத்தின் பெரிய ஜவுளி முதலாளி. கம்பளி நெசவு அந்த ஊரின் பெரிய தொழில். பிரெஞ்சு அரசர்கள் பரம்பரை பரம்பரையாக முடி சூட்டிக்கொண்ட நகரமும் அதுவே.

சிறுமிக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது, 1789-இல், பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பணக்காரர்களும் பிரபுக்களும் நடுங்கினார்கள். கன்னிமாடத்துப் பள்ளியில் படித்துக் கொண்டிருந்த சிறுமியை, குடும்பத்துத் தையற்காரி ஒருத்தி ஏழைப் பெண்ணைப் போல வேஷம் போட்டு, கலகக் கூட்டத்தின் நடுவே வீடு கொண்டு சேர்த்தாள் என்று ஒரு கதை வழங்கி வருகிறது. தகப்பனார் காற்று வீசும் திசை அறிந்தவர். புரட்சிக்காரர்களோடு தாமும் சேர்ந்துகொண்டார். சொத்தும் பிழைத்தது, தலையும் தப்பியது. பிற்பாடு நெப்போலியன் காலத்தில் அவரே ரைம்ஸ் நகரத்தின் மேயரானார். பிரபுப் பட்டமும் பெற்றார்.

1798-ஆம் வருஷம் பார்ப் நிக்கோலுக்கு விவாகம் ஆயிற்று. மாப்பிள்ளை பிரான்சுவா கிளிக்கோ. அவருடைய தகப்பனார் பிலிப் கிளிக்கோவும் ஜவுளி வியாபாரியே. 1772-இல் அவர் மது வியாபாரத்தையும் உபதொழிலாகத் தொடங்கியிருந்தார். ஜவுளி வாங்க வருகிறவர்கள் நாலு புட்டியும் சேர்த்து வாங்கிப் போவார்கள். அந்த அளவில்தான் நடந்து வந்தது.

மகன் பிரான்சுவாவுக்கோ மதுத் தொழிலில்தான் மோகம். ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்தார். அப்படிப் போன இடத்தில் அகப்பட்டவர்தான் ஜெர்மனியைச் சேர்ந்த லூயி போன். பல பாஷைகள் அறிந்தவர். மனிதர்களின் நாடி பிடித்துப் பேசத் தெரிந்தவர். பிரான்சுவா அவரைத் தம் கம்பெனியின் வெளிநாட்டு ஏஜெண்டாக வைத்துக்கொண்டார். கணவர் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது இளம் மனைவியும் கூடவே போய்த் தொழிலைக் கவனித்தாள். 1799-இல் கிளெமான்தின் என்ற பெண் குழந்தை பிறந்தது. அந்தத் தம்பதிக்கு அது ஒன்றுதான்.

இடி விழுந்தது

1805-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி டிரபால்கர் கடற்போரில் பிரெஞ்சுக் கப்பற்படையை ஆங்கிலேயர் நொறுக்கினார்கள். கடல் வழி வியாபாரத்துக்கு ஆபத்து வந்ததை ஐரோப்பா முழுவதும் உணர்ந்தது. அதற்கு இரண்டே நாட்கள் கழித்து, ரைம்ஸ் நகரத்தில் பிரான்சுவா கிளிக்கோ விஷ ஜுரத்தில் காலமானார். வியாபார நஷ்டத்தால் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டார் என்று ஊரில் சிலர் வம்பு பேசவும் தவறவில்லை.

பார்ப் நிக்கோலுக்கு அப்போது 27 வயது. கையிலே ஆறு வயதுக் குழந்தை. ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த மாமனார் பிலிப், மது வியாபாரத்தை இழுத்து மூடிவிடத் தீர்மானித்தார்.

மருமகள் அவர் முன்னால் போய் நின்று, கம்பெனியைத் தாமே நடத்துவதாகக் கேட்டார். இது அந்தக் காலத்தில் சாமான்யமான வேண்டுகோள் அல்ல. நெப்போலியன் 1804-இல் கொண்டுவந்த சிவில் சட்டப்படி, கணவனுள்ள பெண் அவன் சம்மதமில்லாமல் வியாபாரம் செய்ய முடியாது. கன்னிப் பெண் வழக்கப்படி தகப்பனாரின் நிழலில் இருக்க வேண்டியவள். ஆனால் விதவைக்குச் சொத்தை நிர்வகிக்கவும், தன் கையெழுத்தில் வியாபாரம் நடத்தவும் சட்டம் இடம் கொடுத்தது. மணமான ஒரு பெண் கணவனை இழந்த பிறகே தனக்குத் தான் எஜமானி ஆகலாம் என்ற விசித்திர நிலைமை! அந்த ஒரு வாசலைத்தான் பார்ப் நிக்கோல் பிடித்துக்கொண்டார்.

மாமனார் யோசித்தார், கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. அனுபவமுள்ள ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து, முதலில் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும். அலெக்சாந்தர் பூர்னோ என்ற மது வியாபாரியோடு 1806-இல் கூட்டு ஏற்பட்டது. நாலு வருஷம் அம்மையார் நிலவறைகளிலும் கணக்கறையிலும் பாடம் படித்தார். படித்தாரே தவிர, பணம் சம்பாதிக்க வழியில்லை.

நெப்போலியனுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த யுத்தத்தில் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. ஆம்ஸ்டர்டாமில் பெருஞ் சரக்கு ஒன்று கப்பலேற வழியில்லாமல் தேங்கிக் கெட்டுப்போயிற்று. வாடிக்கைக்காரர்கள் பணம் அனுப்பவில்லை. ருஷ்யாவுக்குப் போயிருந்த லூயி போனை ஒற்றனோ என்று சந்தேகித்தார்கள்; கடிதத்தில் ராஜாங்க விஷயம் ஒரு வரிகூட எழுத வேண்டாமென்று அவர் எச்சரிக்கும்படி ஆயிற்று.

1810-இல் கூட்டு முடிந்தது. பூர்னோ தம் பங்கைப் பிரித்துக்கொண்டு போனார். அம்மையார் கடையை மூடவில்லை. அதே வருஷம் ‘விதவை கிளிக்கோ பொன்சார்தன்’ என்று தம் பெயராலேயே கம்பெனியை மறுபடி பதிவு செய்தார். 32 வயதில் தன்னந்தனியாக எஜமானி!

வால் நட்சத்திரம் தந்த வரம்

1811-ஆம் வருஷம் வானத்தில் மாபெரும் வால் நட்சத்திரம் ஒன்று தோன்றிப் பல மாதங்கள் வெறுங் கண்ணுக்குத் தெரிந்தது. யுத்தம் வரும், சாம்ராஜ்யம் சரியும் என்றெல்லாம் ஜனங்கள் பயந்தார்கள். ஆனால் ஷாம்பேன் பிரதேசத்துக் குடியானவர்களுக்கு அந்த வருஷம் பொன் விளைந்த வருஷம். திராட்சைக் குலைகள் அப்படிப் பழுத்துத் தொங்கின. அதற்கு முன் கண்டிராத தரமான மது இறங்கிற்று. ‘வால் நட்சத்திரத்து மது’ என்றே அதற்குப் பெயர் வந்தது. கிளிக்கோ அம்மையாரின் நிலவறையும் அந்த மதுவால் நிறைந்தது.

நிறைந்து என்ன பயன்? வாங்குவோர் இல்லை. அவருடைய நல்ல வாடிக்கை எல்லாம் ருஷ்யாவில். பிரான்சோடு மனக்கசப்புக் கொண்ட ஜார் அலெக்சாந்தர், புட்டியில் வரும் பிரெஞ்சு மதுவுக்குத் தடை விதித்துவிட்டார். மற்ற மதுக்களையாவது பீப்பாயில் அனுப்பலாம். ஷாம்பேனோ புட்டிக்குள்ளேயே பொங்கி நுரைக்கிற மது. புட்டியை விட்டால் அதற்கு வாழ்வில்லை. ஆகவே தடை நேராக இவர்கள் தலையிலேதான் விழுந்தது. 1812-இல் நெப்போலியன் ருஷ்யாவின் மீது படையெடுத்துப் பனியிலே சேனையைப் பறிகொடுத்துத் திரும்பியதும், யுத்தம் பிரான்சுக்குள்ளேயே வந்துவிட்டது.

1814-ஆம் வருஷத் தொடக்கத்தில் ருஷ்யச் சிப்பாய்கள் ரைம்ஸ் நகரத்தில் புகுந்தார்கள். மது வியாபாரிகளின் நிலவறைகள் காலியாயின. கிளிக்கோ அம்மையார் தம் சிறந்த சரக்கு இருந்த அறைகளின் வாசலைச் சுவர் எழுப்பி அடைத்து வைத்தார் என்று சொல்வார்கள். எஞ்சியதைச் சிப்பாய்கள் குடித்தபோது அவர் கலங்கவில்லையாம். இன்றைக்கு ஓசியில் குடித்து ருசி கண்டவர்கள் நாளைக்குக் காசு கொடுத்துக் கேட்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டதாக ஒரு பேச்சு உண்டு. உண்மையோ, கற்பனையோ, நடந்தது அதுதான்.

ரகசியக் கப்பல்

ஏப்ரல் மாதம் நெப்போலியன் முடி துறந்தான். யுத்தம் ஓய்ந்தது. ஆனால் ருஷ்யாவின் தடை இன்னும் நீங்கவில்லை. மற்ற வியாபாரிகள் தடை நீங்கட்டும், பிறகு சரக்கு அனுப்பலாம் என்று காத்திருந்தார்கள். எபெர்னே நகரத்து மோயேத் கம்பெனி அப்போதே பெரிய கம்பெனி. அதன் முதலாளி நெப்போலியனுக்கே நண்பர். அப்படிப்பட்டவர்களோடு சமமான களத்தில் மோதினால் தமக்கு ஜெயமில்லை என்று கிளிக்கோ அம்மையாருக்குத் தெரியும். ஆகவே எல்லோருக்கும் முன்னால் போய்விட முடிவு செய்தார்.

திட்டம் இதுதான். ருஷ்யாவுக்குப் பக்கத்தில், ஆனால் ருஷ்யத் தடைக்கு உட்படாத பிரஷ்யத் துறைமுகமாகிய கோனிக்ஸ்பெர்க்கில் சரக்கைக் கொண்டுபோய் இறக்கி வைத்துக் காத்திருப்பது. தடை நீங்கிய அன்றே உள்ளே புகுந்துவிடுவது. மற்றவர்கள் செய்தி கேட்டுப் புட்டிகளை மூட்டை கட்டத் தொடங்குவதற்குள் இவர் சரக்கு விற்றுத் தீர்ந்திருக்கும்.

காரியம் பரம ரகசியமாக நடந்தது. ஹாலந்து தேசத்துக் கப்பல் ஒன்று வாடகைக்கு அமர்த்தப்பட்டது. 1814 ஜூன் மாதத்தில், 10,550 புட்டிகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பல் புறப்பட்டது. லூயி போனும் கூடவே ஏறினார்.

இதில் எவ்வளவு அபாயம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கோடைகாலம். வெப்பம் ஏறினால் புட்டிகளுக்குள் வாயு பெருகி வெடிக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து உடையும். வழியிலே யாராவது தடுத்துப் பறித்துக்கொண்டாலோ, தடை நீங்கவே இல்லை என்றாலோ, கம்பெனி திவால். மாமனார் குடும்பத்துப் பணம், தகப்பனார் குடும்பத்து மானம், மகளின் எதிர்காலம் எல்லாம் அந்த ஒரே கப்பலில் ஏறியிருந்தது. ரைம்ஸில் உட்கார்ந்திருந்த அம்மையாருக்கு அந்த வாரங்களில் தூக்கம் ஏது?

ஜூலை 3-ஆம் தேதி கப்பல் கோனிக்ஸ்பெர்க் சேர்ந்தது. போன் ஒரு புட்டியைத் திறந்து பார்த்தார். மது கெடவில்லை, ருசியும் வேகமும் குறையவில்லை. அதற்குப் பிறகு நடந்தது, இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட காட்சி.

வரிசையை நடத்திய விதம்

பஞ்ச காலத்தில் சரக்கு வைத்திருப்பவனுக்கு இரண்டு ஆசைகள் வரும். வந்தவருக்கெல்லாம் வாரிக் கொடுத்து உடனே பணத்தைப் பார்த்துவிடலாம். அல்லது கேட்டவருக்கெல்லாம் உண்டு என்று வாக்குக் கொடுத்து, பிறகு எப்படியாவது சமாளிக்கலாம். இரண்டுமே வாடிக்கையைக் கெடுக்கும் வழிகள்.

போன் இரண்டையும் செய்யவில்லை. கையிலிருந்த சரக்கைப் பலருக்குப் பங்கிட்டார். கோனிக்ஸ்பெர்க்கிலேயே எல்லாவற்றையும் தீர்த்துவிடாமல், ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து வாடிக்கைக்காரர்களுக்கென்று ஒரு பகுதியை நிறுத்தி வைத்தார். யாராருக்கு எவ்வளவு, யார் இன்னும் காத்திருக்கிறார்கள் என்பது குறிப்புப் புத்தகத்தில் ஏறிக்கொண்டே போயிற்று. தடை நீங்கியதும் அவர் பீட்டர்ஸ்பர்க்குக்கு விரைந்தார். அங்கேயும் அதே வரிசை, அதே தவிப்பு. இதற்குள் அம்மையார் தாமதியாமல் இரண்டாவது கப்பலையும் ஏற்றிவிட்டார். இந்தத் தடவை பன்னிரண்டாயிரம் புட்டிகளுக்கு மேல். அதுவும் வந்த சுவடு தெரியாமல் தீர்ந்தது. மோயேத் முதலானவர்களின் சரக்கு வந்து சேர்ந்தபோது, ருஷ்யப் பிரபுக்களின் வாயில் கிளிக்கோ என்ற பெயர் பதிந்துவிட்டிருந்தது.

சில வருஷங்களுக்குள் ருஷ்யாவில் ஷாம்பேன் என்று கேட்பதற்குப் பதிலாகக் ‘கிளிகோவ்ஸ்கோயே’ என்று கேட்கும் வழக்கமே வந்துவிட்டது. மகாகவி புஷ்கின் தமது ‘யெவ்கேனி ஒனேகின்’ காவியத்தில் இந்த விதவையின் மதுவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஆனால் வெற்றியே ஒரு சங்கடத்தைக் கொண்டு வந்தது. ஆர்டர்கள் குவிந்தன; கொடுக்கச் சரக்கு இல்லை. ஆர்டர் புத்தகத்தில் பெயர்கள் நீளுகின்றன. நிலவறையிலோ மது இன்னும் பக்குவப்படவில்லை. வேலையாட்களை இரட்டித்தாலும் மது அவசரப்படாது. வாடிக்கைக்காரர்கள் எவ்வளவு காலம்தான் காத்திருப்பார்கள்? பொறுமை இழந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்களே!

அக்கம்பக்கத்தில் கிடைக்கிற எந்த மதுவையாவது வாங்கித் தம் முத்திரையைக் குத்தி அனுப்பியிருக்கலாம். தெளியாத மதுவையே அனுப்பி, இருப்பது இதுதான் என்று கையை விரித்திருக்கலாம். அம்மையார் வேறு வழி தேடினார். தாமதம் எங்கே உண்டாகிறதோ, அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார்.

சமையலறை மேஜை

ஷாம்பேன் மது புட்டிக்குள் இரண்டாம் முறை புளிக்கிறது. சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்ந்து வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயுதான் நுரையாகப் பொங்குகிறது. ஆனால் வேலை முடிந்து மடிந்த ஈஸ்ட் வண்டலாகப் புட்டியில் தங்கிவிடும். அதை எடுக்காவிட்டால் மது கலங்கிக் கிடக்கும். பளிங்குக் கிண்ணத்தில் ஊற்றி எந்தப் பிரபுவின் முன் வைக்க முடியும்?

வண்டலை நீக்க அந்தக் காலத்தில் இருந்த வழிகள் இரண்டும் மோசமானவை. மதுவை ஒரு புட்டியிலிருந்து இன்னொரு புட்டிக்குத் தெளிய ஊற்றினால் பாதி நுரை போய்விடும், மதுவும் வீணாகும். வண்டலைத் திரட்டும் மருந்துச் சரக்கைப் போட்டால் ருசி கெடும். இரண்டிலும் நாள் பிடிக்கும், ஆள் பிடிக்கும்.

புட்டியைத் தலைகீழாக நிறுத்தினால் வண்டல் முழுவதும் கழுத்துக்கு வந்து தக்கையின் மேல் உட்காருமே என்று அம்மையாருக்குத் தோன்றிற்று. தம் சமையலறை மேஜை ஒன்றை நிலவறைக்குத் தூக்கி வரச் சொல்லி, புட்டியின் கழுத்து நுழையும்படி அதிலே துளைகள் போடச் செய்தார் என்பது வழிவழியாக வரும் கதை. வேலையாட்கள் நகைத்தார்களாம். ஆனால் நிலவறைத் தலைவர் அந்துவான் முல்லர் அம்மையாரோடு சேர்ந்து பரீட்சை செய்து பார்த்தார். துளையில் சாய்வாகச் செருகிய புட்டியைத் தினமும் லேசாக அசைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சிறிது சிறிதாக நிமிர்த்தி வைத்தார்கள். சில வாரங்களில் வண்டல் முழுவதும் தக்கையின் மேல் இறங்கியிருந்தது. தக்கையைச் சட்டென்று எடுத்தால், உள்ளிருக்கும் வாயுவே வண்டலை வெளியே பீச்சித் தள்ளிவிடும். குறைந்த அளவுக்கு இனிப்பு மதுவை ஊற்றி, புதுத் தக்கை அடித்தால் தீர்ந்தது வேலை. மது பளிங்காய் மின்னிற்று. நுரையும் அப்படியே இருந்தது.

இது 1816-ஆம் ஆண்டை ஒட்டி நடந்தது. முல்லர் அந்த மேஜையின் துளைகளைச் சாய்வாக வெட்டி முறையை மேலும் செம்மைப்படுத்தினார். ‘ரெமுவாஜ்’ என்று பிரெஞ்சுக்காரர் சொல்லும் இந்த முறை சில வருஷங்கள் கம்பெனியின் ரகசியமாக இருந்தது. இவ்வளவு தெளிவான மதுவை இவ்வளவு சீக்கிரத்தில் இந்த அம்மாள் எப்படித் தயாரிக்கிறாள் என்று போட்டிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிற்பாடு விஷயம் வெளியே பரவிற்று. ஷாம்பேன் பிரதேசம் முழுவதுமே அதைக் கைக்கொண்டது. இப்போது பெரும்பாலும் யந்திரங்கள் புட்டிகளைத் திருப்புகின்றன. ஆனால் தத்துவம் அந்தச் சமையலறை மேஜையினுடையதுதான்.

வரிசையில் நின்றவர்களை விரட்டாமல், ஏமாற்றாமல், வரிசையையே குறைத்துவிட்டார் அம்மையார். 1818-இல் பூசி என்ற ஊரின் சிவப்பு மதுவை வெள்ளை மதுவோடு கலந்து ரோஜா நிற ஷாம்பேன் தயாரித்ததும் அவரே. அதுவரை பழச்சாயம் ஏற்றித்தான் அந்த நிறத்தை வரவழைத்து வந்தார்கள்.

சறுக்கலும் மீட்சியும்

அம்மையாரின் வாழ்வில் தவறே இல்லை என்று சொல்வதற்கில்லை. பணம் சேர்ந்ததும், 1822-இல் மதுவோடு நில்லாமல் பாங்கித் தொழிலிலும் இறங்கினார். ஜவுளியிலும் பணம் போட்டார். இவருடைய கூட்டாளியாக இருந்த கெஸ்லர் என்ற ஜெர்மானியர் இந்தத் துறைகளில் ஊக்கம் காட்டினார். பிறகு அவர் பிரிந்து போய் ஜெர்மனியில் சொந்தமாக நுரை மதுக் கம்பெனி ஆரம்பித்தார். 1828-இல் பாரிஸ் நகரத்துப் பாங்கி ஒன்று முறிந்து விழுந்தபோது, அதில் சிக்கிய கிளிக்கோ பாங்கியும் ஆடிப்போயிற்று. பணம் போட்டவர்கள் வாசலில் வந்து நிற்கும் நாள் நெருங்கிற்று. மதுவுக்காக ஜனங்கள் வரிசையில் நின்றால் பெருமை. பாங்கி வாசலில் வரிசை நின்றால் சர்வநாசம்!

அப்போது காப்பாற்றியவர் எடுவார் வெர்லே. ஜெர்மனியிலிருந்து வந்து சாதாரண வேலையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். தம் சொந்தச் சொத்தையே ஈடு வைத்துக் கடன் திரட்டி, கம்பெனியின் வாக்கைக் காப்பாற்றினார். அம்மையார் பாடம் கற்றுக்கொண்டார். பாங்கியையும் ஜவுளியையும் மெல்ல மெல்ல விட்டு, தமக்குத் தெரிந்த தொழிலுக்கே திரும்பினார். 1831-இல் வெர்லேயைக் கூட்டாளியாக ஆக்கினார்.

மகள் கிளெமான்தின் 1817-இல் செவிஞே பிரபுவை மணந்திருந்தாள். மாப்பிள்ளை உல்லாசப் பிரியர். கவிதை எழுதுவார், தாராளமாகச் செலவு செய்வார். மாமியார் அவருக்குப் பணம் கொடுத்தார். கம்பெனிச் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. 1841-இல் ஓய்வு பெற்றபோது நிர்வாகத்தை வெர்லேயின் கையில்தான் ஒப்படைத்தார். உறவை விடத் தொழிலறிவு பெரிது என்பது அவர் முடிவு. பெண்ணாகப் பிறந்து இத்தனை பெரிய கம்பெனியை நடத்தியவர், தம் மகளுக்கோ பேத்திக்கோ அந்தத் தொழிலைக் கற்பிக்கவில்லை என்பது யோசிக்க வேண்டிய விஷயம். தாம் பட்ட பாட்டை அவர்கள் பட வேண்டாமென்று நினைத்தாரோ என்னவோ.

கடைசி நாட்கள்

முதுமையில் அவர் மார்ன் நதிப் பக்கத்திலுள்ள பூர்சோ என்னுமிடத்தில், பேத்தியின் குடும்பத்துக்காகக் கட்டிய மாளிகையில் வசித்தார். வியாபாரத்தை விட்டுவிட்டதாகப் பேரே தவிர, கம்பெனிக் கணக்கு அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. 1863-இல் மகள் இறந்தாள். வாலிபத்தில் கணவனையும், வயோதிகத்தில் ஒரே மகளையும் பறிகொடுத்த அம்மையார், 1866-ஆம் வருஷம் ஜூலை 29-ஆம் தேதி தமது 88-வது வயதில் கண் மூடினார். மாமனார் மூடிவிட நினைத்த அந்தச் சிறு வியாபாரம், அவர் காலமான சமயத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழரை லட்சம் புட்டிகளை விற்று வந்தது. 61 வருஷ விதவை வாழ்க்கையில் மறுமணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டிருந்தால், சட்டப்படி கம்பெனி கணவனின் அதிகாரத்துக்குப் போயிருக்கும்.

அவர் காலமாகி 144 வருஷம் கழித்து ஓர் அதிசயம் நடந்தது. 2010-ஆம் ஆண்டு ஜூலையில், பின்லாந்தைச் சேர்ந்த ஓலண்ட் தீவுகளுக்கு அருகே பால்டிக் கடலின் அடியில் பழைய கப்பல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதிலே 168 ஷாம்பேன் புட்டிகள் உடையாமல் கிடந்தன. அவற்றில் பலவற்றின் தக்கைகளில் கிளிக்கோ முத்திரை. 1840-ஆம் ஆண்டை ஒட்டிய சரக்கு. அதாவது அம்மையார் தாமே நிர்வாகம் செய்துவந்த கடைசிக் காலத்தது. குளிரும் இருளும் மதுவைக் காப்பாற்றியிருந்தன. ஆராய்ந்தவர்கள் அதில் லிட்டருக்கு ஏறக்குறைய 150 கிராம் சர்க்கரை இருக்கக் கண்டார்கள். அந்தக் காலத்தவர் அவ்வளவு இனிப்பைத்தான் விரும்பினார்கள். 2011-இல் அந்தப் புட்டிகளில் ஒன்று ஏலத்தில் 30,000 யூரோவுக்குப் போயிற்று.

அந்தப் புட்டிகளுக்கு யாரோ ஆர்டர் கொடுத்திருப்பார்கள். ஏதோ ஒரு வடதேசத்து வீட்டில், கப்பல் வரும் நாளை எண்ணிக்கொண்டு காத்திருப்பார்கள். கப்பல் வரவில்லை. கொடுத்த வாக்கைக் கடல் பறித்துக்கொண்டது. ஆனால் புட்டிக்குள் அம்மையார் அடைத்து அனுப்பிய சரக்கு, ஒன்றே முக்கால் நூற்றாண்டு நீருக்கடியில் கிடந்தும், தன் பேரைக் கெடுக்கவில்லை.